பாண் தூளும் மலைநாட்டு வயிறும்

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கைக் கரையிலே அமைந்த கட்டுகஸ்தோட்டையில், யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும் குருநாகல் செல்லும் பெருவீதியும் பிரிகின்றன. பயணிகள் இறங்கி ஏறும் இத்தகைய சந்திகளிலுள்ள தேநீர்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளை நாம் எல்லோரும் அறிவோம். கட்லட்டும் றோல்ஸும் அங்கே அடுக்கியிருக்கும். உள்ளே இருப்பது மீனோ, உருளைக்கிழங்கோ, முட்டையோ, எதுவாயினும் மேலே பொன்னிறமாய் மொறுமொறுக்கும் போர்வை ஒன்றுதான்: காய்ந்த பாணை இடித்தெடுத்த தூள். பன்றி இறைச்சியை மெல்லிய துண்டாக்கி, முட்டையில் தோய்த்து, அதே தூளிற் புரட்டிப் பொரிப்பதும் இம்முறையே. அண்டையிலுள்ள அக்குறணை முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர். ஆகவே இப்பண்டம் பொதுக் கடையைக் காட்டிலும் சில வீட்டுச் சமையலறைகளுக்கும் ஹோட்டல்களுக்குமே உரியதாயிற்று.

இன்று சீனி வியாதிக்காரர்கள் இந்தப் போர்வையை ஐயத்தோடு நோக்குகின்றனர். இறைச்சியிலே மாப்பொருள் இல்லை. மேலே ஒட்டிய தூளில் அல்லவா இருக்கிறது? அதற்கு மாற்று என்ன? சமையற் குறிப்பு கேட்டால் சரித்திரம் சொல்வதா என்று வாசகர் முகஞ்சுளிக்க வேண்டாம். கோதுமை விளையாத மலைநாட்டில் பாண் எப்படி வந்தது என்பதை அறியாமல், அதை யார் கைவிட முடியும், யாரால் முடியாது என்பதை அறிய இயலாது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கொழும்பில் வந்திறங்கியபோது, அவர்கள் கல்லைத் தின்று இரத்தம் குடிக்கிறார்கள் என்று கோட்டை அரசனுக்குச் செய்தி போனதாக இராஜாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறுகிறது. கல் என்றது பாணை. இரத்தம் என்றது திராட்சை மதுவை. பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல். அதே நூற்றாண்டில் அதே மாலுமிகள் அதே சொல்லை ஜப்பானிலும் இறக்கினர். அங்கே அது ‘பான்’ ஆயிற்று. பாண் தூள் ‘பாங்கோ’ ஆயிற்று. தோக்கியோவின் கின்சாப் பகுதியிலுள்ள ஓர் உணவகம் 1899இல் பன்றி இறைச்சியைத் தூளிற் புரட்டிப் பொரித்துப் பரிமாறத் தொடங்கியதென்பர். இன்று உலகெங்கும் பெயர்பெற்ற ‘தொங்கட்சு’ அதன் வழி வந்தது. நம் நாட்டில் போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் காலத்து எச்சமாகத் தூள் போர்த்த ‘பிரிக்கடல்’ உருண்டை பறங்கியர் வீட்டு லம்பிறைஸ் பொதியில் இன்றும் இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் கரையோரக் கதை. கண்டி இராச்சியம் பாணை அறியாமலே நெடுங்காலம் வாழ்ந்தது. 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பிய றொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், அங்கே வாழ்ந்தபோது பன்றியும் கோழியும் வளர்த்ததை எழுதி வைத்திருக்கிறார். பன்றி இருந்தது, தென்னை இருந்தது, கோதுமை மாத்திரம் இல்லை. மாப்பொருள் இல்லாத பன்றி இறைச்சிச் சமையலைப் புதுமை என்று இன்று விற்பவர்கள் இந்தக் கைதியின் அடுப்பை நினைத்துக்கொள்ளலாம்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. காடழிந்து கோப்பித் தோட்டம் எழுந்தது. அதற்காகத் தமிழகத்து ஏழைகள் நடத்திக் கொண்டுவரப்பட்டனர். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதும் அவ்வாண்டே. 1880இல் ரயில் பாதை கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைத் தாண்டி மாத்தளை சென்றது. துரைமாரின் பங்களாச் சமையலறைகளில் பாணும், மிஞ்சிய பாணை வீணாக்காமல் தூளாக்கி இறைச்சிக்குப் போர்த்தும் ஆங்கிலேயச் சிக்கனமும் குடியேறின. லயத்தில் இருந்தவனுக்கோ பாணுமில்லை, போர்வையுமில்லை. அவனுக்குத் தோட்டம் அரிசி அளந்தது. விலையைச் சம்பளத்திற் கழித்தது. அந்த அரிசியிற் பெரும் பகுதி பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. பாங்கோவைப் படைத்த நாடே நம் மலைநாட்டைக் கோதுமைக்குத் தள்ளிய விந்தையை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். அரிசிக்குப் பங்கீடு வந்தது. பற்றாக்குறையைக் கோதுமை மாவால் நிரப்பினர். போர் முடிந்தது, மா போகவில்லை. தோட்டக் கடைகள் மா கொடுத்துச் சம்பளத்திற் கழித்தன. விடியுமுன் கொழுந்தெடுக்கப் புறப்படும் பெண்ணுக்குச் சோறு வடிக்க நேரமேது? இரவே தட்டிச் சுட்ட ரொட்டியும் ஒரு சம்பலும் பால் சேராத தேநீரும் போதும் என்று ஆயிற்று. ஒரு தலைமுறைக்குள் நெல்லை உண்டவர் மக்கள் மாவை உண்பவராயினர். இதை ருசி மாற்றம் என்று எழுதும் பேராசிரியர்கள் உண்டு. கூலி மாற்றம் என்பதே பொருந்தும்.

அரிசியும் மாவும் இந்நாட்டின் அரசுகளையே ஆட்டியவை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்ற தோட்டத் தொழிலாளியின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட எந்த வாக்குச் சீட்டும் இல்லை. 1973–74இல் உலகச் சந்தையிற் கோதுமை விலை ஏறி, பங்கீடு குறைந்தபோது நகரத்தார் இரவிரவாகப் பாண் வரிசையில் நின்றனர். வரிசையே எட்டாத லயங்களில் மக்கள் மாண்டனர். 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் திடீரென உயர்ந்ததை அரசாங்கப் புள்ளி விவரங்களே சொல்கின்றன. தாய்மார் பிள்ளைகளோடு மலைநாட்டு நகரத் தெருக்களிற் கையேந்தி நின்ற அந்த ஆண்டைக் கண்டவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பின்னர் 1980இல் திருகோணமலையில் பிறீமா நிறுவனத்தின் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை அங்கேயே அரைபட்டு மூலைக் கடைவரை மாவாய்ப் பரவியது.

இப்போது சீனி வியாதி. 2005–06இல் இலங்கையில் நடந்த பரந்த ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்நோயோ அதன் முன்னிலையோ இருப்பதைக் காட்டியது. மாப்பொருளைக் குறைப்பது இதற்கு வெகு பழைய வைத்தியம். 1797இல் ஜோன் றோலோ என்னும் பிரித்தானியப் படை மருத்துவர், ஒரு நோயாளிக்கு வெகுநாள் வைத்த கொழுப்பான பன்றி இறைச்சியையே விதித்ததாக எழுதினார். 1863இல் வில்லியம் பாண்டிங் என்னும் லண்டன்வாசி, பாணையும் சீனியையும் விட்டுத் தாம் உடல் இளைத்த கதையைச் சிறு நூலாக்கினார். இன்சுலினைக் கண்டறிந்த பாண்டிங் வேறொருவர்; அது 1921இல்.

இனி மாற்றுத் தூளுக்கு வருவோம். பாண் தூள் 100 கிராமில் 70 கிராமளவு மாப்பொருள். கடலை மாவைப் பலர் மாற்றென்று நம்புகின்றனர். அதிலும் 58 கிராமளவு உண்டு, ஆகவே அந்த நம்பிக்கை வீண். கச்சானில் 16 கிராமளவே. சீனி சேராத உலர்ந்த தேங்காய்ப்பூவில் 24. அதிலும் பெரும் பங்கு நார். பன்றித் தோலையே காயவைத்துப் பொரித்து இடித்த தூளில் மாப்பொருள் அறவே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாண் புளித்துப் பொங்கிய பண்டம். அதன் துகள்களில் துளைகள் உண்டு. எண்ணெயில் நீர் வெளியேற, எஞ்சும் வலையே மொறுமொறுப்பு. தேங்காய்க்கும் கச்சானுக்கும் அந்த வலை இல்லை. அவை விரைவிற் சிவந்து கருகும். ஆகையால் இறைச்சியை ஈரம் போகத் துடைத்து, மெல்லியதாக வெட்டி, முட்டையிற் தோய்த்து, தூளை அழுத்திப் பதித்து, சற்று நேரம் வைத்துப் பின் மிதமான தீயிற் பொரிக்க வேண்டும். தடித்த துண்டானால் மேலே கருகும், உள்ளே வேகாது. பன்றி இறைச்சி வேகாமல் உண்ணத்தக்கதல்ல.

ஒரு துண்டுக்கு ஒட்டும் பாண் தூள் 20 கிராம் என்று வைப்போம். அதில் 14 கிராம் மாப்பொருள். காலையும் இரவும் ரொட்டி உண்ணும் தொழிலாளிக்கு 300 கிராம் மா செல்லுமானால், அதில் 220 கிராமுக்கு மேல். முன்னதை நீக்கத் தேங்காய்ப்பூ போதும். பின்னதை நீக்க முட்டையும் பருப்பும் மீனும் இறைச்சியும் தட்டிற்கு வரவேண்டும். 2021 மார்ச்சில், பல ஆண்டுப் போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பொருள் விலை, ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அந்த 1,000 ரூபா அதுவரை ஏறியிருக்கவில்லை.