காதுக் குறும்பி

காதுக் குறும்பி அல்லது செவி மெழுகு என்பது மனிதரிலும் ஏனைய பாலூட்டிகளிலும் வெளிச்செவிக் குழாயினுள் உருவாகும் மெழுகு போன்ற ஒரு பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது காது அழுக்கு என அழைக்கப்பட்டாலும், உண்மையில் இது அழுக்கு அன்று. வெளிச்செவிக் குழாயின் தோலை உலராமல் காப்பதும், தூசியையும் நுண்ணுயிரிகளையும் தடுப்பதும் இதன் பணிகளாகும். பெரும்பாலானோருக்குக் குறும்பி தானாகவே வெளியேறிவிடும். அதனை அகற்ற மேற்கொள்ளப்படும் முயற்சிகளே பல நேரங்களில் காது அடைப்புக்கும் காயங்களுக்கும் காரணமாகின்றன.

உருவாக்கமும் உட்கூறுகளும்

வளர்ந்தோரில் வெளிச்செவிக் குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ நீளம் உடையது. இதன் வெளிப்புற மூன்றில் ஒரு பகுதி குருத்தெலும்பாலும், உட்புற மூன்றில் இரு பகுதி எலும்பாலும் ஆனது. முடிகளும் சுரப்பிகளும் வெளிப்புறப் பகுதியிலேயே காணப்படுகின்றன. இங்குள்ள நெய்ச் சுரப்பிகளும், வியர்வைச் சுரப்பிகளின் மாற்றுருவான குறும்பிச் சுரப்பிகளும் சுரக்கும் பொருட்கள், உதிர்ந்த தோல் உயிரணுக்களுடனும் முடியுடனும் கலந்து குறும்பியாகின்றன. உதிர்ந்த தோலில் உள்ள கெரட்டின் என்னும் புரதமே இதன் பெரும்பகுதி ஆகும். கொழுப்பு அமிலங்கள், ஸ்குவாலீன், கொலஸ்டிரால் முதலியன ஏனைய முக்கிய உட்கூறுகள்.

எலும்பால் ஆன உட்பகுதியில் குறும்பி சுரப்பதில்லை. எனவே செவிப்பறையை ஒட்டிக் குறும்பி காணப்படுமாயின், அது பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே தள்ளப்பட்டதாகவே இருக்கும். உட்பகுதித் தோல் மிக மெல்லியது. எலும்பின் மீது நேரடியாகப் படிந்திருப்பது. சிறு கீறலும் இங்கு மிகுந்த வலியைத் தருவதற்கு இதுவே காரணம்.

வகைகள்

குறும்பி இரு வகைப்படும்.

ஈரக் குறும்பி: தேன் நிறம் முதல் கரும்பழுப்பு நிறம் வரை கொண்டது, பிசுபிசுப்பானது. ஆப்பிரிக்க, ஐரோப்பிய மக்களிடையே இதுவே மிகப் பெரும்பான்மை.

உலர் குறும்பி: சாம்பல் நிறமுடையது, செதில் செதிலாக உதிர்வது. சீனா, கொரியா, சப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளில் மிகுதியாகக் காணப்படுகின்றது.

தெற்காசியாவில் இரு வகைகளும் உள்ளன. இவ்வேறுபாட்டிற்கு 16ஆம் நிறப்புரியில் உள்ள ஏபிசிசி11 என்னும் மரபணுவில் ஏற்படும் ஒற்றை எழுத்து மாற்றமே காரணம் எனச் சப்பானிய ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஈர வகை ஓங்கு பண்பு ஆகும். பெற்றோர் இருவரிடமிருந்தும் உலர் வகைக்குரிய மரபணு வடிவைப் பெற்றவருக்கே உலர் குறும்பி அமையும். இதே மரபணு அக்குளில் ஏற்படும் உடல் நாற்றத்துடனும் தொடர்புடையது.

பணிகள்

தன்தூய்மை: உடலின் பிற இடங்களில் தோல் உயிரணுக்கள் இருந்த இடத்திலேயே உதிர்கின்றன. செவிக் குழாயிலோ, செவிப்பறையின் நடுப்பகுதியிலிருந்து தோல் மெதுவாக வெளிநோக்கி நகர்கின்றது. ஏறக்குறைய விரல் நகம் வளரும் வேகத்தில் நிகழும் இந்நகர்வு, குறும்பியையும் அதில் ஒட்டிய தூசியையும் காதின் வாயிலுக்குக் கொண்டுவருகின்றது. மெல்லுதல், பேசுதல் ஆகியவற்றின்போது ஏற்படும் தாடை அசைவு இதற்குத் துணைபுரிகின்றது.

ஈரப்பதம் காத்தல்: குறும்பியில் உள்ள கொழுப்புப் பொருட்கள் தோல் உலர்ந்து அரிப்பெடுப்பதைத் தடுக்கின்றன; நீர் ஊறுவதையும் குறைக்கின்றன.

நுண்ணுயிர் எதிர்ப்பு: குறும்பி சற்றே அமிலத் தன்மை உடையது, லைசோசைம் என்னும் நொதியையும் கொண்டது. சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியை இது கட்டுப்படுத்துவது ஆய்வுகூடச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. காதை அடிக்கடி குடைந்து குறும்பியை முற்றாக நீக்குவோருக்கு, குறிப்பாக வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், வெளிச்செவி அழற்சியும் பூஞ்சைத் தொற்றும் எளிதில் ஏற்படுகின்றன.

குறும்பி அடைப்பு

குறும்பி திரண்டு அறிகுறிகளைத் தோற்றுவித்தாலோ, மருத்துவர் செவிப்பறையைப் பார்க்க இயலாதவாறு மறைத்தாலோ அது குறும்பி அடைப்பு எனப்படும். சிறுவரில் ஏறத்தாழ 10இல் ஒருவருக்கும், வளர்ந்தோரில் 20இல் ஒருவருக்கும், முதியோரிலும் அறிவுத்திறன் குறைபாடு உடையோரிலும் மூன்றில் ஒருவருக்கு மேலும் இது காணப்படுவதாக அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகின்றது.

காது அடைத்த உணர்வு, கேட்கும் திறன் குறைதல், இரைச்சல், அரிப்பு, வலி, தலைச்சுற்றல் ஆகியன இதன் அறிகுறிகள். செவிக் குழாயில் அலையும் நரம்பின் ஒரு கிளை பரவியிருப்பதால், சிலருக்கு வறட்டு இருமலும் வரலாம். குளித்தபின் நீரை உறிஞ்சிக் குறும்பி உப்புவதால் திடீரெனக் காது கேளாமற் போவதும் உண்டு.

முதியோரில் குறும்பி உலர்ந்து கெட்டியாவதாலும், செவிக் குழாயில் முடி தடிப்பதாலும் அடைப்பு எளிதில் ஏற்படுகின்றது. இதனால் உண்டாகும் செவிட்டுத்தன்மையை வயதின் விளைவு எனக் கருதிப் பலர் விட்டுவிடுகின்றனர். அழைத்தால் திரும்பாமையும் மாற்றிப் பதில் சொல்வதும் மறதி எனத் தவறாகக் கொள்ளப்படலாம். ஆகவே கேட்டல் கருவி வாங்கும் முன் காதில் அடைப்பு உள்ளதா எனப் பார்ப்பது இன்றியமையாதது. கேட்டல் கருவியும் காதினுள் செருகும் காதொலிப்பான்களும் குறும்பி வெளியேறுவதைத் தடுக்கக்கூடும் என்பதால், அவற்றைப் பயன்படுத்துவோர் அவ்வப்போது காதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

தீங்கு தரும் முறைகள்

பஞ்சுக் குச்சி: இது 1920களில் லியோ கெர்சுடென்சாங் என்பவரால் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தப்பட்டது. இக்குச்சி குறும்பியின் ஒரு பகுதியை எடுத்தாலும் எஞ்சியதை உள்ளே தள்ளி இறுக்கிவிடும். அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரையான காலத்தில் பஞ்சுக் குச்சியால் ஏற்பட்ட காதுக் காயங்களுக்காக ஏறத்தாழ 2,63,000 சிறுவர்கள் அவசர சிகிச்சை பெற்றதாக 2017இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

கூரிய பொருட்கள்: ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, சாவி, கோழி இறகு போன்றவற்றால் காது குடைவது செவிப்பறையைக் கிழிக்கலாம். இந்திய நகரங்களில் தெருவோரம் காது சுத்தம் செய்வோரின் கருவிகள் கிருமி நீக்கம் செய்யப்படாதவை எனில் தொற்றும் பரவலாம்.

சூடான எண்ணெய்: காது வலிக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் தமிழர் இல்லங்களில் உண்டு. சூடு மிகுந்தால் தோலும் செவிப்பறையும் வெந்துவிடும். செவிப்பறையில் துளை இருப்பின் எண்ணெய் நடுச்செவியினுள் சென்று தொற்றை உண்டாக்கலாம். கைக்குழந்தைகளுக்கு எண்ணெய்க் குளியலின்போது காதில் எண்ணெய் விடுவதும் தேவையற்றது.

காது மெழுகுவர்த்தி: உள்ளீடற்ற மெழுகுவர்த்தியைக் காதில் செருகிப் பற்றவைத்தால் குறும்பி உறிஞ்சப்படும் என்பர். 1996இல் வெளியான ஆய்வு ஒன்றில் எவ்வித உறிஞ்சு விசையும் உண்டாகவில்லை. மாறாக உருகிய மெழுகே காதில் படிந்தது.

பாதுகாப்பான பராமரிப்பு

அறிகுறிகள் இல்லாதவர் குறும்பியை அகற்ற வேண்டியதில்லை. வெளியே வந்த குறும்பியை, விரலில் சுற்றிய ஈரத்துணியால் காது மடலிலிருந்து துடைத்தெடுத்தால் போதுமானது. குளித்தபின் தலையைச் சாய்த்து நீரை வடியவிடலாம்.

அடைப்பு ஏற்படின் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

மென்மையாக்கல்: ஆலிவ் எண்ணெய், சோடியம் பைகார்பனேட்டுக் கரைசல் போன்ற சொட்டு மருந்துகள் சில நாட்களுக்கு இடப்படும். இவை சூடாக்கப்படாமல், உடல் வெப்பநிலைக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்.

நீர் பாய்ச்சல்: உடல் வெப்பநிலையில் உள்ள நீர் மெதுவாகப் பாய்ச்சப்படும். நீர் மிகக் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் உட்செவியின் சமநிலை உறுப்பு தூண்டப்பட்டுத் தலைசுற்றும்.

கருவி மூலம் அகற்றல்: மருத்துவர் உருப்பெருக்கியின் துணையுடன் உறிஞ்சு குழாயாலோ சிறு கரண்டி போன்ற கருவியாலோ அகற்றுவார்.

செவிப்பறையில் துளை உள்ளவர், காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், சீழ் வடிபவர் ஆகியோர் சொட்டு மருந்தையோ நீரையோ தாமாகப் பயன்படுத்தலாகாது. நீரிழிவு நோயாளிகளுக்குச் சிறு காயமும் மண்டை எலும்பு வரை பரவும் கடுந்தொற்றாக மாறக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. காதில் பொத்தான் மின்கலம் சிக்கினால் எந்தத் திரவமும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஈரம் பட்டால் அது திசுக்களை விரைந்து அரித்துவிடும். கடும் வலி, இரத்தம், சீழ், திடீர்ச் செவிட்டுத்தன்மை ஆகியவற்றுக்கும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

பிற தகவல்கள்

உரோமானிய எழுத்தாளர் செல்சசு, கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே, குறும்பியை இளக்கிப் பின் வெதுவெதுப்பான நீரால் கழுவும் முறையைக் குறிப்பிட்டுள்ளார்.

பெரிய திமிங்கிலங்கள் சிலவற்றில் குறும்பி வெளியேறாமல் மர வளையங்களைப் போல் அடுக்கடுக்காகப் படிகின்றது. இவ்வடுக்குகளைக் கொண்டு அவற்றின் வயது கணிக்கப்படுகின்றது. 2013இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு நீலத் திமிங்கிலத்தின் சுமார் 25 செ.மீ நீளக் குறும்பியிலிருந்து, அதன் வாழ்நாள் முழுவதும் உடலில் சேர்ந்த மாசுகளும் இயக்குநீர் அளவுகளும் அறியப்பட்டன.

இவற்றையும் பார்க்கவும்

காது
செவிப்பறை
வெளிச்செவி அழற்சி
கேட்டல் கருவி