மருத்துவச் செலவு: அரசின் பங்கும் மக்களின் பங்கும் (இந்தியா)

இந்தியாவில் மருத்துவத்துக்கு அரசு தருவது எவ்வளவு, குடும்பங்கள் கைக்காசிலிருந்து தருவது எவ்வளவு என்பதைத் தேசிய சுகாதாரக் கணக்குகள் பதிவுசெய்கின்றன. 2013-14இல் மொத்தச் செலவில் 64.2 விழுக்காடு கைக்காசு. அரசின் பங்கு 28.6. 2021-22இல் கைக்காசு 39.4ஆகக் குறைந்தது, அரசின் பங்கு 48ஆக உயர்ந்தது. அந்த ஆண்டின் கொரோனாச் செலவையும் மனத்தில் கொண்டே இந்த ஏற்றத்தை மதிப்பிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசுச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்க இலக்கு வைத்தது. 2021-22இல் எட்டியது 1.84.

அரசுச் செலவு என்றால் அரசு மருத்துவமனைக்கான செலவு மட்டுமல்ல. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஏற்கிறது. அப்பணம் தனியார் மருத்துவமனைகளுக்கும் போகிறது. ஆனால் இந்தக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தவருக்கே உதவும். வீட்டை அதிகம் வாட்டுவது மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் போன்ற மருந்துகள்தான். முழு மாதத்துக்கும் வாங்க முடியாமல் ஓர் அட்டை மாத்திரையோடு திரும்புகிறவரை எந்த மருந்துக் கடையிலும் காணலாம்.

இந்தச் சுமையை நேராகத் தொட்ட முயற்சி, தமிழ்நாடு 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம். அது ஒப்பந்தப்புள்ளி வழியாக மருந்துகளை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் சேமிக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் தன் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்கிறது. நோயாளிக்கு மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது.