கட்டைவிரல் வலியும் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டும்

1/ மறைமலை நகர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை பார்க்கிற ஒரு பையன், போன மாசம் தன் தாத்தாவோடு ஓபிக்கு வந்தான். வலது கட்டைவிரல் அடியில வலி, சட்டை பட்டன் போடக்கூட முடியலயாம். "மெஷின் வேலையாப்பா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், போஸ்டர்"னான். (அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன். அடையாளம் தெரியாம சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ போனை எடுத்துக் காட்டினான். கையில் துப்பாக்கியோட ஜெய்சங்கர். பழைய தமிழ் சிஐடி படங்களுக்குப் புதுசா ரசிகர் போஸ்டர் டிசைன் பண்றான். ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி மூணு மணி நேரம், போன்லயே, விரலாலேயே. யாரும் கேட்டதில்லை, காசும் கிடையாது. ஆனா ஒவ்வொண்ணும் அப்படியே ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

3/ கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ச்சேன். "ஆ!" டி குவெர்வெய்ன் நோய். 1895-ல் இதை விவரிச்ச சுவிஸ் அறுவை மருத்துவரோட பேர் அது. ஒரு வலிக்குக்கூட ஒருத்தர் பேர் நிலைச்சு நிக்குது. போஸ்டர் வரைஞ்சவங்க பேர் நிக்குதா? இந்த இழை அதைப் பத்திதான்.

4/ ஆரம்பம் 1962, 'டாக்டர் நோ'. 007-ல் வர்ற ஏழோட தண்டு துப்பாக்கிக் கைப்பிடியா மாறுமே, அந்தச் சின்னத்தை வரைஞ்சவர் நியூயார்க் வடிவமைப்பாளர் ஜோ கேரோஃப். கிடைச்ச கூலி 300 டாலர். ராயல்டி கிடையாது, படத்துல பேரும் கிடையாது. அறுபது வருஷத்துக்கு மேல உலகமே பார்க்கிற சின்னம் அது. கேரோஃப் 2025-ல் காலமானார். அந்தச் செய்தி வந்தப்பதான் நம்மில் பலருக்கு அவர் பேரே தெரிஞ்சது.

5/ 'தண்டர்பால்' (1965), 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்' (1967) போஸ்டர்களை வரைஞ்ச ராபர்ட் மெக்கின்னிஸ் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. ஓவிய ரசிகர்களுக்கு அவரைத் தெரியும். டிக்கெட் வாங்கினவனுக்குத் தெரிஞ்ச ஒரே பேர் ஷான் கானரி!

6/ அந்த அலை இங்க வந்து அடிச்சது சேலத்துல. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1963-ல் மறைஞ்ச பிறகு, மகன் ராமசுந்தரம் நிறுவனத்தை ஏற்றார். ஆர்.சுந்தரம் என்ற பேர்ல அவர் இயக்கிய 'வல்லவன் ஒருவன்' 1966-ல் வந்தது. அதுக்கு முந்தின வருஷம் 'இரவும் பகலும்' படத்துல அறிமுகமான ஜெய்சங்கர்தான் ஹீரோ. 1970-ல் 'சிஐடி சங்கர்'. 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' பட்டம் அவர்கிட்ட ஒட்டிக்கிச்சு.

7/ ஒரு சுவாரசியம். 'வல்லவன் ஒருவன்' கதையோட வேர் ஜேம்ஸ்பாண்ட் படத்துல இல்லை. ஓஎஸ்எஸ் 117-ங்கிற பிரெஞ்சு உளவாளி படத்துல இருக்கு. அந்த உளவாளி நாவலா வந்தது 1949-ல். பாண்ட் வந்ததோ 1953-ல்தான். ஆக, நம்ம ஊர் பாண்டுக்கு பாண்டையே விட மூத்த ஒரு பிரெஞ்சு அண்ணன் உண்டு.

8/ இதையெல்லாம் நான் பேசிட்டிருக்கும்போது அதுவரைக்கும் வாயே திறக்காத தாத்தா, "சிஐடி சங்கர் பேனருக்கு நான்தான் பிரஷ் கழுவினேன்"னார். அப்போ அவருக்கு 17 வயசு. தாம்பரம் பக்கத்து தியேட்டர்களுக்கு பேனர் வரையற பட்டறையில எடுபிடி. அடுத்து நின்ன நோயாளிகள்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு அவரைக் கொஞ்சம் பேச விட்டேன்.

9/ சின்ன ஸ்டில் மேல பென்சிலால கட்டம் போடுவாங்க. மரச்சட்டத்துல இழுத்துக் கட்டின துணி மேல அதே கட்டம், பல மடங்கு பெருசா. அப்புறம் கட்டம் கட்டமா வரையணும். பின்னணி, எழுத்து எல்லாம் உதவியாளர்கள். முகம் மட்டும் மாஸ்டர். "கிட்ட நின்னா ஜெய்சங்கர் கன்னத்துல பச்சையும் ரோஸும் திட்டுத்திட்டா தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, சிரிப்பார்."

10/ கையெழுத்து? மூலையில ஏதோ ஒரு 'ஆர்ட்ஸ்'னு கம்பெனி பேர் இருக்கும். அவ்வளவுதான். 1957-ல் 'வணங்காமுடி'க்கு சித்ரா தியேட்டர்ல வெச்ச பிரம்மாண்ட சிவாஜி கட்அவுட்டைப் பத்திப் பேசறவங்க 'மோகன் ஆர்ட்ஸ்'னு சொல்வாங்க. ஏணி மேல ஏறி நின்ன கைகளோட பேர் யாருக்கும் தெரியாது. விதிவிலக்கு கோவை ஓவியர் ஜீவா. பேனர் குடும்பத்துல பிறந்து, சினிமா பத்தி 'திரைச்சீலை' எழுதி தேசிய விருது வாங்கினார். ஆனா அந்த விருதும் புத்தகத்துக்குத்தான், பேனருக்கு இல்லை.

11/ இதுக்கு நேர் எதிர் ரசிகர் மன்ற போஸ்டர். கீழே 'இவண்'னு போட்டு தலைவர், செயலாளர், பொருளாளர்னு வரிசையா பேர்கள். வெள்ளிக்கிழமை விடிகாலையில பசை வாளியோட போய் ஒட்டினவனுக்கு அந்த ஒரு வரிதான் சம்பளம். ஊருக்குள்ள தன் பேர் அச்சுல வந்த முதல் இடம் பல பேருக்கு அதுவாத்தான் இருந்திருக்கும்.

12/ அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்துச்சு. ஒரு வாரம் வரைய வேண்டியதை ஒரு மணி நேரத்துல அச்சடிச்சுக் கொடுத்தாங்க. 'இவண்' பேர்கள் போட்டோவா மாறிச்சு, போட்டோ பெருசாச்சு, சில இடத்துல ஹீரோவை விடப் பெருசா! பட்டறையை மூடினாங்க. தாத்தா நம்பர் பிளேட் எழுதப் போனார், பள்ளிக்கூடச் சுவர்ல திருவள்ளுவர் வரைஞ்சார்.

13/ இந்தக் கதையை வெறும் ஏக்கமா என்னால சொல்ல முடியாது. 2019 செப்டம்பர் 12, பள்ளிக்கரணை. ஸ்கூட்டர்ல போன 23 வயசு மென்பொருள் பொறியாளர் மேல பேனர் விழுந்துச்சு. நிலைதடுமாறி கீழே விழுந்தவர் மேல பின்னால வந்த தண்ணீர் லாரி ஏறி, அவர் இறந்துட்டார். அது சினிமா பேனர் இல்லை, கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர். ஆனா கட்டின விதம் ஒண்ணுதான். சாலை நடுவுல, அனுமதி இல்லாம.

14/ சென்னை உயர் நீதிமன்றம் கடுமையா கண்டிச்சது. பேனர் வைக்காதீங்கன்னு நடிகர்களே ரசிகர்கள்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. ஜிஎஸ்டி ரோட்டு விபத்துகளைப் பார்த்துப் பழகின டாக்டரா சொல்றேன். தலைக்காயத்துக்கு முன்னாடி எந்தக் கலையும் பெருசில்லை. யாரோட ஆசையும் அடுத்தவன் தலை மேல தொங்கக் கூடாது.

15/ அதனாலதான் இந்தப் பையனோட போஸ்டர் எனக்குப் பிடிச்சது. இது யார் தலையிலயும் விழாது. 'விக்ரம்' வரிசையையும் அவன் விடலை. சுஜாதா குமுதத்துல தொடரா எழுத, ராஜசேகர் இயக்கத்துல கமல் நடிச்ச 1986 படம். 2022-ல் லோகேஷ் கனகராஜ் அதே ஏஜென்ட்டைத் திரும்பக் கூட்டிட்டு வந்தார். திருடு போன 'அக்னிபுத்திரன்' ஏவுகணையை மட்டும் நடுவுல வெச்சு ஒண்ணு பண்ணியிருக்கான். கமல் முகமே இல்லை. அதுதான் இருக்கறதுலயே பெஸ்ட்.

16/ ஆனா பேர் பிரச்சினை இங்கேயும் விடலை. ஓரத்துல போட்ட அவன் இனிஷியலை வெட்டிட்டு, ஒரு பெரிய பக்கம் தன் முத்திரையைக் குத்திப் போட்டிருக்கு. ஆயிரக்கணக்குல லைக். அவன் சொன்னப்போ குரல் கம்மிடுச்சு. தாத்தா சிரிச்சார். "எங்க பேனரை மழை அழிச்சது. உன்னோடதை மனுசன் அழிக்கிறான். ஓரத்துல போட்டா வெட்டத்தான்டா செய்வான். படத்துக்குள்ள போடு."

17/ இப்போ வைத்தியம். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்ப்ளின்ட் சில வாரம். போனை ஸ்டாண்டுல வெச்சு ஸ்டைலஸ்ல வரையணும். அரை மணிக்கு ஒரு தரம் கைக்கு ஓய்வு. நிறைய பேருக்கு இதுலயே சரியாகிடும், சிலருக்கு ஊசி, ரொம்பச் சிலருக்கு சின்ன ஆபரேஷன். கைக்குழந்தையைத் தூக்கற அம்மாக்களுக்கும் இது அடிக்கடி வரும். வலி இருந்தா தைலம் தேய்ச்சு மாசக்கணக்குல ஓட்டாதீங்க.

18/ உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு ரசிகர் போஸ்டரைப் பகிரும்போது வரைஞ்சவர் பேரைத் தேடிப் போடுங்க. தெரியலைன்னா கமெண்ட்ல கேளுங்க. பத்து செகண்ட் வேலை.

19/ நேத்து ரிவ்யூவுக்கு வந்தான், ஸ்ப்ளின்ட் போட்ட கையோட. புது 'சிஐடி சங்கர்' போஸ்டர். ஜெய்சங்கர் ஒரு கடைத்தெருவுல ஓடறார். "பெருசு பண்ணிப் பாருங்க சார்"னான். பின்னாடி ஒரு கடையோட பெயர்ப் பலகை, அதுல தாத்தா பேர். ஜெய்சங்கரோட கை அதுக்குக் குறுக்கே போகுது. வெட்டணும்னா ஹீரோ கையைத்தான் வெட்டணும். "வலி எப்படிப்பா?" "பாதி குறைஞ்சிருக்கு சார்."