மான் மாநிலத்துக்கு, மண் நாட்டுக்கு

வேட்டையைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேட்டை லைசென்ஸை வைத்து நடக்கும் சண்டையைப் படிக்கப் படிக்க, நம் ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதில் இருப்பதாகத் தோன்றியது. சண்டை இதுதான்: காட்டில் கூட்டம் தாங்கவில்லை, ஆகவே வெளி மாநிலத்தாருக்குக் கொடுக்கும் லைசென்ஸைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். நாங்களும் இந்த நாட்டுக் குடிமக்கள்தானே என்கிறார்கள் வெளியூர்க்காரர்கள்.

இதன் வேரைப் பிடிக்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். ஜூலை 14-ஐப் புதுச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரவும் மறக்காது. 1789-இல் அந்த இரவு பிரபுக்களின் சலுகைகள் ஒவ்வொன்றாக ஒழிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று வேட்டையாடும் தனியுரிமை. அதுவரை பயிரை மேய்ந்த முயலைக் குடியானவன் தொட முடியாது. அது சீமானுடைய முயல். அன்றுமுதல் தன் நிலத்தில் வேட்டையாடும் உரிமை நிலத்துக்காரனுக்கு வந்தது.

அமெரிக்காவில் மன்னரும் இல்லை, மன்னர் மானும் இல்லை. காட்டு விலங்கு மக்கள் எல்லோருக்கும் சொந்தம் என்றார்கள். அதன் பலன் வேறு விதமாக வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் தோலுக்கும் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளினார்கள். குதிரை உயரம் நிற்கும் எல்க் மான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அதன் பிறகுதான் பருவம், எண்ணிக்கை, லைசென்ஸ் என்று மாநிலங்கள் கடிவாளம் போட்டன. 1896-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், காட்டு விலங்குகள் அந்தந்த மாநிலத்தின் உடைமை, மக்களுக்காக மாநிலம் அவற்றைக் காக்கிறது என்று சொல்லிவிட்டது.

முடிச்சு விழுவது நிலத்தில். மேற்கு மாநிலங்களில் பெரும் பகுதி நிலம் மத்திய அரசுடையது. நெவாடாவில் ஏறக்குறைய 80 சதவீதம், ஐடஹோவில் 60-க்கு மேல், வயோமிங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நம் தாலுகா ஆபீஸ் மொழியில் சொன்னால் அத்தனையும் புறம்போக்கு. நியூயார்க்கில் டாக்சி ஓட்டுபவருக்கும் அதில் பங்கு உண்டு. மண் நாட்டுக்கு, அதில் மேயும் மான் மாநிலத்துக்கு. ஒரே இடத்துக்கு இரண்டு பட்டா என்றால் வழக்கு வராமல் இருக்குமா?

வழக்கு மானுக்கு முன்பே சிப்பியில் தொடங்கிவிட்டது. நியூ ஜெர்சி தன் கடலோரத்தில் வெளி மாநிலத்தார் சிப்பி அள்ளக் கூடாது என்றது. 1823-இல் அதை விசாரித்த நீதிபதி புஷ்ராட் வாஷிங்டன், ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. குடிமகனுக்கு எல்லா மாநிலங்களிலும் சில அடிப்படை உரிமைகள் உண்டு, அவற்றில் சிப்பி அள்ளுவது சேராது என்று தீர்ப்பளித்தார். 1948-இல் இறால் வந்தது. தெற்கு கரோலினா உள்ளூர்ப் படகுக்கு 25 டாலரும் வெளியூர்ப் படகுக்கு 2,500 டாலரும் கேட்டது. இது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். இறால் பிடிப்பது பிழைப்பு. ஒருவன் பிழைப்பில் மாநிலம் கை வைக்கக் கூடாது.

அப்படியானால் எல்க் வேட்டை பிழைப்பா, பொழுதுபோக்கா? 1976-இல் மொன்டானாவில் உள்ளூர்க்காரர் 9 டாலரில் எல்க் லைசென்ஸ் வாங்கலாம். வெளியூர்க்காரர் மற்ற விலங்குகளுக்கும் சேர்த்தே வாங்க வேண்டும், விலை 225 டாலர். அதிலும் 17,000 பேருக்கு மேல் கிடையாது. பால்ட்வின் என்ற வேட்டை வழிகாட்டியும் மினசோட்டாக்காரர்கள் சிலரும் வழக்குப் போட்டார்கள். பால்ட்வின் மொன்டானாக்காரர்தான். ஆனால் அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். 1978 மே மாதம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எல்க் வேட்டை பொழுதுபோக்கு, பிழைப்புக்கான வழியல்ல, ஆகவே மாநிலம் பேதம் காட்டலாம் என்று எழுதினார் நீதிபதி பிளாக்மன். வெளியூர்க்காரரால்தான் கெடுதல் என்பதை மாநிலம் காட்டாமல் அவரை மட்டும் தனியாகப் பிரித்து நடத்தலாமா என்று கேட்டார் மாறுபட்ட தீர்ப்பெழுதிய பிரென்னன். இன்றுவரை இரு கட்சிக்காரர்களும் இந்த இரண்டு வாதங்களைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டே, 1979-இல், தூண்டில் இரைக்கான சிறு மீன்களைப் பற்றிய ஒரு வழக்கில், விலங்கு மாநிலத்தின் உடைமை என்ற 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டது. அந்த ஓட்டை வழியாக அரிசோனா மேல் வழக்கு வந்தது. அங்கே ஆண் எல்க் லைசென்ஸில் வெளியூர்க்காரருக்கு அதிகபட்சம் 10 சதவீதம். 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்கு இடையூறு என்ற கோணத்தில் பார்க்கவே, மேற்கு மாநிலங்கள் எல்லாம் பதறின. நெவாடாவின் செனட்டர் ஹாரி ரீட் 2005-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, வேட்டையிலும் மீன்பிடியிலும் உள்ளூர், வெளியூர் என்று பிரிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சட்டமாக்கினார். அந்தத் திருத்தம் போய் உட்கார்ந்தது எதில் தெரியுமா? போர்ச் செலவுக்கும் சுனாமி நிவாரணத்துக்கும் பணம் ஒதுக்கிய அவசர நிதிச் சட்டத்தில். நம் கடற்கரையையும் அடித்துப் போன அதே சுனாமிதான். நிதி மசோதாவின் வாலில் வேறு விஷயத்தைக் கட்டி அனுப்பும் வித்தை எல்லா நாட்டுக்கும் பொது.

ஆபீஸில் சான்றிதழ் பார்த்தே காலம் கழித்தவனுக்கு இன்னொரு கேள்வி எழும். உள்ளூர்க்காரர் என்பவர் யார்? மொன்டானாவில் தொடர்ந்து 180 நாள் குடியிருந்தவர், வயோமிங்கில் ஓராண்டு குடியிருந்தவர். மொன்டானாவுக்கு நேற்று வந்து வீடு வாங்கிய பணக்காரர் ஆறு மாதத்தில் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவார். அங்கே பிறந்து வளர்ந்து பிழைப்புக்காக வேறு மாநிலம் போன பிள்ளை, அப்பாவோடு வேட்டைக்குப் போக வெளியூர் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

இப்போது கெடுபிடி கூடிக்கொண்டே போகிறது. நியூ மெக்சிகோவில் குலுக்கலில் 84 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு, 10 சதவீதம் தொழில்முறை வழிகாட்டியை அமர்த்தியவருக்கு, வெறுமனே வரும் வெளியூர்க்காரருக்கு 6. கொலராடோவில் வெளியூர்க்காரர் கடையில் நேரே வாங்கி வந்த எல்க் வில்வேட்டை லைசென்ஸுக்கு 2025 முதல் வரம்பு வந்துவிட்டது. வயோமிங்கின் மத்திய அரசுப் பாதுகாக்கப்பட்ட வனத்தில் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் வெளியூர்க்காரர் பெரிய விலங்குகளை வேட்டையாட முடியாது. மலையேறவும் கூடாரம் போடவும் மட்டும் தடையில்லை.

உள்ளூர்க்காரர் பக்கம் நியாயம் உண்டு. சம்பளம் குறைவான மலை ஊரில் ஒரு எல்க் விழுந்தால் குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு இறைச்சி. விடியுமுன் போனால் ஒவ்வொரு பாதை முனையிலும் பத்து வண்டி நின்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த விலங்குகளைக் காக்கும் இலாகாக்களுக்குப் படியளப்பதில் பெரும் பங்கு வெளியூர்க்காரர் பணம். எல்க் லைசென்ஸுக்கு அவர் கொடுப்பது உள்ளூர்க்காரரைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

கூட்டத்துக்கு ஆள் வரத்து மட்டும் காரணமில்லை. பெரிய பண்ணைகள் வேலியை மூடிப் பணக்கார வேட்டைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டால், மற்றவர்கள் எல்லோரும் மிஞ்சிய பொது நிலத்தில்தான் நெருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிகளுக்குச் சதுரம் விட்டுச் சதுரமாக நிலம் கொடுத்ததால், வயோமிங்கில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகைபோல் கிடக்கின்றன. ஓர் அரசுச் சதுரத்திலிருந்து மூலை வழியாக அடுத்ததற்குத் தாண்டினால் அத்துமீறல் என்று பண்ணைக்காரர்கள் மிரட்டி வந்தார்கள். ஏணி வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் தாண்டி, வழக்கைச் சந்தித்தவர்கள் நான்கு பேர். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உள்ளூர்க்காரருக்கும் அந்தக் காடு திறந்தது. அந்த நால்வரும் மிசூரிக்காரர்கள். வெளியூர்க்காரர்கள்!

விலங்கின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பு போடுவது சரி. குலுக்கலும் சரி, குலுக்கலுக்குப் பணக்காரன் ஏழை தெரியாது. உள்ளூர்க்காரருக்குப் பெரும் பங்கு என்பதும் நியாயமே. ஆனால் விலையைக் கூட்டிக் கூட்டி ஆளைக் குறைத்தால், மிஞ்சுபவன் பணம் உள்ளவன் மட்டும்தான். அதற்கா அந்த ஆகஸ்ட் இரவில் சீமான்களின் முயலைப் பறித்தார்கள்?

பிரான்சில் 1964-இல் கிராம வேட்டைச் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது. அங்கும் வெளியூர்க்காரருக்கு ஒரு கணக்கு உண்டு. அதுவும் 10 சதவீதம்தான். ஆனால் பத்துக்கு மேல் போகாதே என்றது அரிசோனா. பத்துக்குக் குறையாமல் வெளியாளைச் சேர்த்துக்கொள் என்கிறது பிரெஞ்சுச் சட்டம். உள்ளூருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஒதுக்கட்டும், விருந்தாளிக்கு இத்தனை என்று ஓர் இலையைப் போட்டுவிட்டு ஒதுக்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.