துருவைத் தொடாதீர்கள்!

இரும்பில் துருவைக் கண்டால் உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்றுதான் நாம் கற்றிருக்கிறோம். துரு இரும்பின் பகை என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ஆனால் துருவைத் தொடுவதே பெருங்குற்றமாகக் கருதப்படும் இரும்புப் பொருள் ஒன்றும் உலகில் உண்டு. அதுதான் ஜப்பானியரின் பழைய வாள். அதன் பிடிக்குள் மறைந்திருக்கும் காம்புப் பகுதியை ஒருவர் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், பல நூற்றாண்டுச் சான்று ஒன்று சில நிமிடங்களில் அழிந்து போகும். வாளின் மதிப்பில் பெரும்பகுதியும் அதனோடு போய்விடும்.

ஏன் அப்படி? பழைய வாள் ஒன்றின் வயதையும் அதைச் செய்த கொல்லரையும் அறிஞர்கள் எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்? இதை விளங்கிக்கொள்ள, வாள் உருவாகும் விதத்தை முதலில் பார்ப்போம்.

மணலிலிருந்து எஃகு

ஜப்பானியக் கொல்லர்களுக்கு இரும்பைத் தந்தது கருமணல். இரும்பு ஆக்சைடு நிறைந்த இம்மணலையும் மரக்கரியையும் 'தத்தாரா' என்னும் களிமண் உலையில் மாறிமாறிக் கொட்டி, மூன்று பகலும் மூன்று இரவும் இடைவிடாது எரிப்பார்கள். பின்னர் உலையையே உடைத்து எஃகுக் கட்டியை வெளியே எடுப்பார்கள். வழக்கொழிந்து போன இந்த முறை, 1977-ஆம் ஆண்டில் ஷிமானே மாநிலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. அங்கே ஏறத்தாழ 10 டன் மணலும் 12 டன் கரியும் இட்டால் 2.5 டன் எடையுள்ள கட்டி கிடைக்கிறது. அதிலும் வாளுக்கு ஏற்ற 'தமஹகானே' எஃகு ஒரு டன்னுக்கும் குறைவுதான்!

இந்த எஃகில் கார்பன் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். கசடும் கலந்திருக்கும். ஆகவே கொல்லர் அதைக் காய்ச்சி அடித்து, இரண்டாக மடித்து, மறுபடியும் அடிப்பார். பத்து முறை மடித்தால் அடுக்குகள் 1,024. பதினைந்து முறை மடித்தால் 32,768. கசடு வெளியேறும், கார்பன் சீராகப் பரவும். மெருகேற்றிய பிறகு இந்த அடுக்குகள் மரப்பலகையின் ரேகைகளைப் போல வாளின் மேற்பரப்பில் மெல்லியதாகத் தெரியும். கொல்லருக்குக் கொல்லர் மடிக்கும் விதம் மாறுவதால் இந்த ரேகையும் மாறும்.

நீரில் ஒரு கணம்

அடுத்தது தோய்ச்சல். வாள் முழுவதும் களிமண் கலவையைப் பூசுவார்கள். முதுகுப் பக்கம் தடிப்பாகவும், விளிம்புப் பக்கம் மெல்லியதாகவும் பூசுவது வழக்கம். பிறகு இருட்டிய பட்டறையில், எஃகின் நிறத்தைக் கொண்டே வெப்பத்தை மதிப்பிட்டு, ஏறத்தாழ 750 முதல் 800 டிகிரி சென்டிகிரேடு வந்ததும் நீரில் அமிழ்த்துவார்கள்.

இங்கே நடப்பது சிறந்த இயற்பியல் பாடம். மெல்லிய பூச்சுள்ள விளிம்பு மிக விரைவாகக் குளிர்கிறது. இரும்பு அணுக்கள் அடுக்கு மாறும்போது, இடையில் இருக்கும் கார்பன் அணுக்களுக்கு வெளியேற நேரம் இருப்பதில்லை. அவை உள்ளேயே சிறைப்பட்டு விடுகின்றன. இவ்வாறு உண்டாகும் மிகக் கடினமான அமைப்புக்கு 'மார்ட்டென்சைட்' என்று பெயர். தடித்த பூச்சுள்ள முதுகோ மெதுவாகக் குளிர்ந்து, மென்மையான 'பெர்லைட்' ஆகிறது. விளிம்பு கூர்மையைக் காக்கிறது. முதுகு அடியைத் தாங்குகிறது. மார்ட்டென்சைட்டுக்குக் கன அளவு சற்று அதிகம். ஆதலால் விளிம்பு நீள, வாள் முதுகுப் பக்கமாக வளைகிறது. அழகிய அந்த வளைவில் ஒரு பங்கு சம்மட்டி தந்தது; மறு பங்கு நீர் தந்தது. சில வேளைகளில் இந்தக் கணத்தில் வாள் விரிசல் விட்டு, பல நாள் உழைப்பும் வீணாகும்.

கடினப் பகுதியும் மென்மைப் பகுதியும் சந்திக்கும் எல்லை வெண்மையான கோலமாகத் தெரியும். இதற்கு 'ஹமோன்' என்று பெயர். நேர்கோடு, அலை, மொட்டு வரிசை என அது பலவகைப்படும். கொல்லரின் கைரேகை என்றே இதைச் சொல்லலாம்.

வாளை வாசிக்கும் கலை

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். நிபுணர் முதலில் பார்ப்பது வடிவத்தை. காமகுரா ஆட்சி 1185-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது. அதன் தொடக்கக் காலத்திலும் அதற்குச் சற்று முன்பும் செய்த வாள்களில் வளைவு பிடிக்கு அருகே ஆழமாக இருக்கும். நுனி சிறியதாக இருக்கும். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் மிக நீண்ட, பெரிய நுனியுள்ள வாள்கள் தோன்றின. 1661-க்கும் 1673-க்கும் இடைப்பட்ட கான்புன் ஆண்டுகளின் வாள்கள் பெரும்பாலும் வளைவு குறைந்தவை. வடிவம் காலத்தைச் சொல்லும். ரேகை பள்ளியைச் சொல்லும். ஹமோன் ஆளைச் சொல்லும்.

கடைசியில் பிடியைக் கழற்றிக் காம்பைப் பார்ப்பார்கள். கொல்லர் உளியால் வெட்டிய கையொப்பம் அங்கேதான் இருக்கும். 'அப்படியானால் பெயரைப் படித்துவிட்டால் போதுமே, மற்ற ஆராய்ச்சி எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். கையொப்பம்தான் மிக எளிதாகப் பொய் சொல்லக்கூடியது! 17-ஆம் நூற்றாண்டில் ஏடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், வாழ்ந்த கொடெட்சு என்னும் கொல்லரின் பெயரைத் தாங்கிய போலி வாள்கள் ஏராளம். மறுபுறம், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மாமேதை மசமுனேயின் வாள்களில் கையொப்பம் காண்பதே அரிது. நீண்ட பழைய வாள்களைப் பிற்காலத்தில் காம்புப் பக்கமாக வெட்டிக் குறுக்கியபோது, கையொப்பமும் சேர்ந்து வெட்டுப்பட்டதும் உண்டு. ஆகவே, பெயர் உள்ளது போலியாகவும் பெயர் இல்லாதது உயர்ந்ததாகவும் இருக்கக்கூடும்.

இங்கேதான் துரு சாட்சிக்கு வருகிறது. பல நூற்றாண்டுகள் மெல்ல மெல்லப் படிந்த துரு, கருமை கலந்த பழுப்பு நிறத்தில் சீராக இருக்கும். எழுத்துகளின் குழிக்குள்ளும் அதே துரு படிந்திருக்க வேண்டும். துருவை வெட்டிக்கொண்டு எழுத்து சென்றால், அது பின்னால் பொறித்த பொய். துருவைத் துடைத்தவர் இந்தச் சாட்சியைக் கொன்றவர் ஆகிறார்.

இக்கலையில் பெயர் பெற்றது ஹொனாமி குடும்பம். எழுத்துக்கலையில் புகழ்பெற்ற ஹொனாமி கோயெட்சு (1558–1637) இக்குடும்பத்தவரே. இவர்கள் தந்த மதிப்பீட்டுச் சான்றிதழின் பெயர் 'ஒரிகாமி', அதாவது மடித்த தாள். 1719-ஆம் ஆண்டில், ஷோகன் யோஷிமுனேயின் ஆணைப்படி, நாட்டின் புகழ்பெற்ற வாள்களின் பட்டியலைத் தொகுத்துத் தந்தவர்களும் இவர்களே.

வாள் ஆர்வலர்கள் இன்றும் நடத்தும் தேர்வு ஒன்று சுவையானது. காம்பை மூடி மறைத்துவிட்டு, வாளின் அலகை மட்டும் காட்டிக் கொல்லரின் பெயரைக் கேட்பார்கள். சரியான பெயருக்கு முழு வெற்றி. அவருடைய நெருங்கிய மாணவரின் பெயரைச் சொன்னாலும் ஏறக்குறைய அதற்கு நிகரான மதிப்பு உண்டு. பெயரை நம்பாமல் பொருளை நோக்கப் பழக்கும் முறை இது.

இரண்டு வாள்களின் கதை

1876-ஆம் ஆண்டில் பொது இடங்களில் வாள் அணிவது தடை செய்யப்பட்டது. ஆயினும் வாள்களுக்குப் பெரிய ஆபத்து 1945-இல், போரில் ஜப்பான் தோற்றபோது வந்தது. ஆயுதங்கள் அனைத்தையும் ஒப்படைக்குமாறு அமெரிக்கப் படை ஆணையிட்டது. தொழிற்சாலையில் செய்த இராணுவ வாள்களும், வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்த வாள்களும் ஒரே குவியலில் சேர்ந்தன. இராணுவப் பிடியும் உறையும் பூண்ட சில வாள்களின் உள்ளே முன்னோர் காலத்து அலகு இருந்தது. வேறுபாடு அறியாத கைகளில் எத்தனையோ வாள்கள் அழிந்தன. எத்தனையோ நினைவுப் பொருள்களாகக் கடல் கடந்தன. ஹொம்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் எடுத்துரைத்த பிறகே, கலைச்சிறப்புள்ள வாள்களுக்கு விலக்கு கிடைத்தது. 1948-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புக் கழகமும் தோன்றியது.

மசமுனே செய்ததாக மதிக்கப்படும் ஹொஞ்சோ மசமுனே என்னும் வாள், 1939-இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. 1945 டிசம்பரில் தொகுகாவா குடும்பத்தினர் அதை டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தனர். அதன் பிறகு அது எங்கே போயிற்று என்பது தெரியவில்லை.

மற்றொன்று, ககோஷிமா நகரின் தெருகுனி கோயிலுக்கு உரிய வாள். 13-ஆம் நூற்றாண்டுக் கொல்லர் குனிமுனே செய்தது. இதுவும் போருக்குப் பின் காணாமற் போயிற்று. அமெரிக்காவில் பழம்பொருள் கடையில் இதை வாங்கியவர் வால்டர் காம்ப்டன். அவர் வாள்களை வாசிக்கக் கற்றவர். தம் கையில் இருப்பது எது என்று அறிந்ததும், 1963-இல் விலை எதுவும் பெறாமல் கோயிலுக்கே திருப்பித் தந்தார். காம்பும் அதன் எழுத்தும் அழியாமல் இருந்ததால் அல்லவா இது இயன்றது?

அறிவியலின் புதிய கண்

வாளின் உள்ளமைப்பை அறிய, உலோகவியல் அறிஞர் தவாரா குனிஇச்சி வாள்களை வெட்டி நுண்ணோக்கியில் ஆராய வேண்டியிருந்தது. அவருடைய நூல் 1953-இல் வெளிவந்தது. இந்த நூற்றாண்டிலோ நியூட்ரான் கற்றைகள் வந்துவிட்டன. மின்னூட்டம் இல்லாத நியூட்ரான் எஃகினுள் ஆழமாக ஊடுருவிச் சிதறுகிறது. சிதறும் கோணங்களைக் கொண்டு, எங்கே கடினம், எங்கே மென்மை என்பதை வாளில் ஒரு கீறலும் இன்றிக் கணக்கிடலாம். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் உள்ள ஸ்டிபர்ட் அருங்காட்சியகத்தின் ஜப்பானிய வாள்கள் இவ்வாறு ஆராயப்பட்டுள்ளன.

ஹொனாமி குடும்பத்தாரின் கண்ணும் இன்றைய நியூட்ரானும் ஒரே விதியைப் பின்பற்றுகின்றன: சான்றைச் சிதைக்காமல் வாசிக்க வேண்டும். இந்த விதி வாளுக்கு மட்டும் உரியதன்று. பழைய நாணயம், செப்பேடு, சிலை எது கிடைத்தாலும், அதைத் துலக்கிப் பார்க்கத்தான் நம் கை முதலில் நீளும். அந்தக் கையைச் சற்று நிறுத்தி, அறிந்தவரிடம் காட்டுங்கள். அழுக்கு என்று நாம் நினைப்பது, அந்தப் பொருள் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலமாக இருக்கலாம்.