வேலையும் கண்ணியமும்: வங்கதேச ஆடைத் தொழில் தரும் பாடம்

1971இல் விடுதலை பெற்ற வங்கதேசத்தைப் போரும் 1974ஆம் ஆண்டுப் பஞ்சமும் உருக்குலைத்திருந்தன. அந்நிலையில், 1979இல் தேஷ் கார்மெண்ட்ஸ் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 130 பேரைத் தென்கொரியாவுக்கு அனுப்பி, ஆயத்த ஆடைத் தொழிலில் பயிற்சி பெறச் செய்தது. அவர்களுள் பலர் பின்னர்த் தாமே ஆலைகள் தொடங்கினர். அவ்விதையிலிருந்து பல இலட்சம் பேருக்குப் பிழைப்பளிக்கும் பெருந்தொழில் வளர்ந்தது. சிற்றூர்களின் ஏழைப் பெண்கள் பலர் முதன்முறையாகத் தம் கையில் மாத ஊதியத்தைக் கண்டனர். அந்நாட்டில் வறுமை தணிந்ததற்கு இத்தொழிலும் ஒரு முக்கியக் காரணம்.

ஆயினும், வேலை கிடைப்பது வேறு. கண்ணியமான வேலை கிடைப்பது வேறு. 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல்கள் தென்பட்டன. கீழ்த்தளங்களிலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு அழைக்கப்பட்டனர். ஊதியம் பறிபோகும் என்று அஞ்சிப் பலர் உள்ளே சென்றனர். கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே ஆலைப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது. குறைந்தபட்ச மாத ஊதியம் 3,000 டாக்காவிலிருந்து 5,300 டாக்காவாக உயர்ந்தது.

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பெருநாளுக்குப் புத்தாடை உடுத்தும் நாம், அதைத் தைத்த கரங்களையும் எண்ணிப் பார்ப்போம். நம் கடைகளிலும் பட்டறைகளிலும் இல்லங்களிலும் உழைப்போருக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் கிடைக்கின்றனவா என்பதை முதலில் நாமே சரிபார்ப்போம்.