போ-காப்: மண்ணைக் காத்த மஹல்லா

 

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், சிக்னல் ஹில் என்னும் குன்றின் அடிவாரத்தில் போ-காப் என்றொரு மஹல்லா உள்ளது. அங்குள்ள வண்ண வண்ண வீடுகளைச் சுற்றுலாப் படங்களில் நம்மில் பலர் கண்டிருப்போம். அவ்வீடுகள் இன்றும் நிற்பதற்குப் பின்னால் இருநூறு ஆண்டுப் போராட்டம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு அது.

1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் பகுதியில் காலூன்றியது. இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து மக்களை அடிமைகளாக அங்கே கொண்டு சென்றது. டச்சு ஆதிக்கத்தை எதிர்த்த மார்க்க அறிஞர்களும் அரச குடும்பத்தினரும் அங்கேயே நாடு கடத்தப்பட்டனர். இவர்களின் வழித்தோன்றல்களே பின்னாளில் ‘கேப் மலாய்’ மக்கள் எனப் பெயர் பெற்றனர். அச்சமூகத்தில் நம் கடற்கரையின் இரத்தமும் கலந்துள்ளது.

திதோரே தீவின் அரச குடும்பத்தைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் என்பார் 1780இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு, ராபன் தீவில் சிறை வைக்கப்பட்டார். மக்கள் அவரைத் துவான் குரு என்று அழைத்தனர். மனனத்திலிருந்தே அவர் எழுதிய திருக்குர்ஆன் பிரதி இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. விடுதலையான பின், 1793இல் டார்ப் தெருவில் அவர் ஒரு மத்ரஸாவைத் தொடங்கினார். அடிமைகளின் பிள்ளைகளும் அதில் ஓதினர். அடுத்த ஆண்டிலேயே அத்தெருவில் அவ்வல் பள்ளிவாசல் உருவாயிற்று. அதற்கான இடம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ‘இலங்கை கோரிடோன்’ என்பவருடையது. பின்னர் அது சார்ட்ஜி என்னும் பெண்மணியின் கைக்கு வந்து, பள்ளிவாசலுக்கென்றே நிலைத்தது. இஸ்லாத்தை வெளிப்படையாகப் பின்பற்ற அரசு அனுமதித்ததோ 1804இல்தான்.

அங்குள்ள மத்ரஸாக்களில் ஆஃப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதிப் படித்தார்கள் என்பதைக் கேட்கும்போது நம் முன்னோரின் அரபுத்தமிழ் நினைவுக்கு வராமல் இராது.

1805இல் முஸ்லிம்களின் அடக்கத்தலத்திற்கென நிலம் ஒதுக்கப்பட்டது. ‘புதிய நிலம்’ என்னும் பொருளில் அதற்குத் தானா பாரு என்று பெயர். துவான் குருவும் அங்கேயே அடங்கியுள்ளார். பெரியம்மை பரவியதைக் காரணம் காட்டி நகரின் அடக்கத்தலங்களை மூடச் சட்டம் வந்தது. 1886 ஜனவரி 15 அன்று தானா பாரு மூடப்பட்டது. இரண்டே நாளில், ஒரு குழந்தையின் ஜனாஸாவைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 3,000 பேர் தடையை மீறிச் சென்று, அங்கேயே நல்லடக்கம் செய்தனர். மூடிய அடக்கத்தலம் பின்னர் திறக்கப்படவில்லை; ஆயினும் அந்நிலத்தின் மீதான உரிமையை மக்கள் கைவிடவில்லை. பின்னாளில் அறக்கட்டளை அமைத்து, கட்டடங்கள் எழாதவாறு அதைக் காத்து வருகின்றனர்.

நிறவெறி ஆட்சிக்காலத்தில் அண்டையிலிருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி வெள்ளையருக்கென அறிவிக்கப்பட்டு, சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. போ-காப் ‘மலாய்’ மக்களுக்குரியதென ஒதுக்கப்பட்டதால் தப்பியது. எனினும் அங்கே வாழ்ந்த பிற இனத்து அயலார் வெளியேற நேர்ந்தது. அந்தப் பிரிவின் துயரத்தையும் நாம் மறக்கலாகாது.

ஆட்சி மாறியது, ஆபத்தோ வேறு வடிவில் வந்தது. நகர மையத்தை ஒட்டிய மஹல்லா என்பதால் நிலத்தின் விலை ஏறியது. விலை ஏறினால் நகராட்சி வரியும் ஏறும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் என்ன செய்வார்? பாட்டனார் வீட்டை விற்றுவிட்டுத் தொலைவான புறநகருக்குச் செல்வார். விற்ற இடத்தில் விடுதி வரும். அதன் பின்னால் அடுக்குமாடி எழும்.

2018 ரமலானில் போ-காப் மக்கள் தெருவிலேயே ஒன்றுகூடி நோன்பு திறந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். இளைஞர்கள் சாலைகளை மறித்தனர், டயர்களும் எரிக்கப்பட்டன. நவம்பரில் கட்டுமானத்திற்கு வந்த கிரேன் வாகனங்களின் முன் நின்று காவல்துறையை எதிர்கொண்டனர். மறுபுறம் குடியிருப்போர் சங்கம் மனுக்களாலும் வழக்குகளாலும் போராடியது. 2019 மார்ச்சில் மாநகர மன்றம் அப்பகுதியைப் பாரம்பரியப் பாதுகாப்பு வட்டாரமாக்கியது. அதே ஆண்டு 19 இடங்கள் தேசியப் பாரம்பரியச் சின்னங்களாயின.

இந்த வெற்றிக்கும் ஓர் எல்லை உண்டு. அச்சட்டம் இடிப்பதற்கும் மாற்றிக் கட்டுவதற்கும் முன் அனுமதி கேட்கச் செய்கிறது. அது சுவரைக் காக்கும். சுவருக்குள் வாழும் குடும்பத்தை விலையேற்றத்திலிருந்து காக்காது. குடும்பங்கள் அகன்றுவிட்டால் பள்ளிவாசல் நிற்கும். ஸஃப்பில் நிற்க ஆள் இராது. இன்று போ-காப் மக்களின் கவலை இதுவே.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. அம்மக்களால் எதிர்த்து நிற்க முடிந்ததற்குக் காரணம், எந்த நிலம் யாருடையது, எவர் எங்கே அடங்கியிருக்கிறார் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்ததே. நம் மஹல்லாவின் மையவாடிக்கு எல்லை அளந்து வைத்திருக்கிறோமா? வக்ஃபுப் பத்திரத்தின் நகல் ஜமாஅத்தில் உள்ளதா? குளத்தையோ திடலையோ குறித்து அரசு அறிவிப்பு வந்தால், கெடு முடியுமுன் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கிறோமா? கிரேன் வந்த பின் தெருவில் நிற்பதைவிட இவை எளிய பணிகள். மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்கள் அறிந்தவற்றைக் கேட்டு எழுதி வைப்போம்.

நம் முன்னோர் விட்டுச் சென்ற அமானிதத்தைப் பேணும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.